பச்சை நிறம் இருந்தா சேஃபா? உங்க வீட்டு ஸ்ப்ரே பத்தி 48 மணி நேரத்தில் உண்மை சொல்லும் குட்டி உயிர்!

வீட்டுல கரப்பான் பூச்சி ஸ்ப்ரேயோ கரையான் மருந்தோ இருந்தா, ஒரு நிமிஷம் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க. முனையில் நிற்கிற மாதிரி ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என ஏதோ ஒரு நிறம். பச்சையா இருந்தா, ‘அப்பாடா, இது சேஃப்’ என்று நினைத்து டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவோம், இல்லையா?

அந்த நிறம் ஓர் எலிக் கணக்கு. மருந்து வாய் வழியாக உள்ளே போனால் சோதனை எலிகளில் பாதி சாவதற்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் தேவை என்று பார்க்கிறார்கள். 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கும் மேல் என்றால் பச்சை. எலியும் பாலூட்டி, நாமும் பாலூட்டி. ஆக, அந்த நிறம் நமக்கான எச்சரிக்கை.

சரி, அதே மருந்து பாத்ரூம் ஓட்டை வழியாக சாக்கடைக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போனால் என்ன ஆகும்? அதைப் பற்றி அந்த நிறம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகம் முழுக்க லேப்களில் வேறொரு ‘ஆளை’ வைத்திருக்கிறார்கள். அந்த ஆளின் சைஸ், சில மில்லிமீட்டர்தான்.

யார் இந்த டாஃப்னியா?

பெயர் டாஃப்னியா. குதித்துக் குதித்து நீந்துவதால் ‘தண்ணீர்த் தெள்ளு’ என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு. ஆனால், இது தெள்ளுப்பூச்சியே கிடையாது. பூச்சியும் கிடையாது. இறால், நண்டு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குட்டி உயிர். லேப்களில் அதிகம் வளர்க்கும் டாஃப்னியா மேக்னா என்ற வகைதான் இதில் பெரிய சைஸ். அதுவே வளர்ந்தால் 5 மில்லிமீட்டர் வரைதான் வரும்.

சென்னை கொளத்தூர் பக்கம் வண்ணமீன் வாங்கப் போயிருந்தால், இதன் சொந்தக்காரரைப் பார்த்திருப்பீர்கள். மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக பாலித்தீன் பையில் உயிரோடு விற்பார்களே, ‘மொய்னா’, அது டாஃப்னியாவுக்கு நெருங்கிய உறவு.

ஒரு குளத்தில் இதன் வேலை என்ன தெரியுமா? தண்ணீரை வடிகட்டி வடிகட்டி நுண்பாசியைத் தின்பது. பிறகு, மீன் குஞ்சுகளுக்கு உணவாவது. இது நிறைய இருந்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும், மீனும் வளரும். இது அழிந்தால், மேலே மீனுக்குச் சாப்பாடு இல்லை, கீழே பாசியைத் தின்ன ஆள் இல்லை. அதனால்தான் ஒரு கெமிக்கல் தண்ணீரில் என்ன செய்யும் என்று கேட்கும்போது முதலில் இதனிடம் கேட்கிறார்கள்.

லேபுக்கு இதைப் பிடித்துப்போனதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. உடம்பு கண்ணாடி மாதிரி. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இதயம் துடிப்பதையே பார்க்கலாம். அடுத்து, நிலைமை நன்றாக இருக்கும்வரை ஆண் துணையே இல்லாமல் பெண்களே பெண்களைப் பெற்றுத் தள்ளும். அம்மாவும் பிள்ளைகளும் மரபணுவில் ஒரே அச்சு. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதால், ஒரு குப்பியில் பாதிப்பு தெரிந்தால் ‘இதுக்கு உடம்பு முன்னாடியே வீக்கோ’ என்ற சந்தேகம் குறையும். பழியைக் கெமிக்கல் மேல் போடலாம்.

1944-லேயே பெர்ட்டில் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், தொழிற்சாலைக் கழிவுகளில் இருக்கும் பொருள்கள் எந்த அளவில் டாஃப்னியாவைப் பாதிக்கின்றன என்று அளந்து வெளியிட்டார். இன்று ஐரோப்பாவில் ஒரு கெமிக்கலை வருஷத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ வேண்டுமானால், பதிவுக்குக் கொடுக்கும் தகவல்களில் இந்தக் குறுகிய கால சோதனையும் ஒன்று.

குட்டிகளுக்கு ஒரு எக்ஸாம்

சோதனையின் விதிகளை ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு எழுதி வைத்திருக்கிறது. வழிகாட்டி எண் 202. முதலில் 1984-ல் வந்தது, 2004-ல் திருத்தப்பட்டது. நடைமுறை இதுதான்.

பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குட்டிகளை மட்டும் எடுக்க வேண்டும். அதுவும் ஒரு தாயின் முதல் ஈற்றுக் குட்டிகளை எடுக்கக் கூடாது. ஐந்து ஐந்தாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் விட வேண்டும். ஒரு குட்டிக்குக் குறைந்தது 2 மில்லி தண்ணீர், அதாவது ஒரு குப்பிக்கு 10 மில்லி. மருந்துக்குக் கொடுக்கும் டானிக் மூடி அளவுதான்!

கெமிக்கலைக் குறைந்தது ஐந்து அளவுகளில் கலக்க வேண்டும். உதாரணமாக லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம். ஒவ்வோர் அளவுக்கும் 20 குட்டிகள். கூடவே கெமிக்கலே இல்லாத சுத்தமான தண்ணீரில் 20 குட்டிகள். இவர்கள்தான் ‘கன்ட்ரோல்’. மொத்தம் 120 பேர்.

தண்ணீர் 18 முதல் 22 டிகிரிக்குள் சீராக இருக்க வேண்டும். சோதனை முடியும்வரை சாப்பாடு கிடையாது. காற்றுக்குமிழி விடுவதும் கிடையாது. 24 மணி நேரத்தில் ஒருமுறை, 48 மணி நேரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பார்கள்? செத்ததா என்று இல்லை. குப்பியை மெதுவாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டு 15 விநாடி காத்திருப்பார்கள். அதற்குள் நீந்தாத குட்டி, ‘ஃபெயில்’. உணர்கொம்பு லேசாக ஆடிக்கொண்டிருந்தாலும் நீந்தவில்லை என்றால் ஃபெயில்தான். இவ்வளவு சின்ன உயிரில் சாவு எந்த நொடியில் வந்தது என்று சொல்வது கஷ்டம். அதோடு, குளத்தில் நீந்த முடியாத டாஃப்னியாவுக்கு சாப்பிடவும் முடியாது, தப்பிக்கவும் முடியாது. கிட்டத்தட்ட கதை முடிந்த மாதிரிதான்.

எக்ஸாம் ஹாலுக்கும் செக்கிங் உண்டு. சுத்தமான தண்ணீரில் இருந்தவர்களிலேயே 10 சதவிகிதத்துக்கு மேல் படுத்துவிட்டால் மொத்த சோதனையும் செல்லாது. கடைசியில் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஆக்சிஜனாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் குட்டிகள் விழுந்தது விஷத்தாலா, மூச்சுத்திணறலாலா என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு செக்கிங் இன்னும் சுவாரஸ்யம். பொட்டாசியம் டைகுரோமேட் என்ற, விஷத்தன்மை நன்கு தெரிந்த ஒரு பொருளை வைத்து லேபில் வளரும் டாஃப்னியா கூட்டத்தையே அவ்வப்போது சோதிக்கிறார்கள். 24 மணி நேரத்தில் பாதிப் பேர் முடங்கும் அளவு, லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். அதைத் தாண்டினால் குட்டிகள் அளவுக்கு மீறி முரட்டு ஆசாமிகள். குறைந்தால் நோஞ்சான்கள். இரண்டு பேருமே எக்ஸாமுக்கு லாயக்கில்லை.

மார்க் ஷீட்டைப் படிப்பது எப்படி?

கற்பனையாக ஒரு ரிசல்ட் எடுத்துக்கொள்வோம். 1 மில்லிகிராமில் 20 பேரும் நீந்துகிறார்கள். 2-ல் இரண்டு பேர் அவுட். 4-ல் எட்டுப் பேர். 8-ல் பதினைந்து பேர். 16-ல் அத்தனை பேரும் அவுட்.

சரியாகப் பாதிப் பேர் முடங்கும் அளவு 4-க்கும் 8-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. புள்ளிகளை வரைந்து கணக்குப் போட்டால் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இந்த எண்ணுக்குப் பெயர் இசி50. இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க: எண் சின்னதாக இருந்தால் விஷம் பெரியது.

உலக அளவில் பின்பற்றப்படும் ஜிஹெச்எஸ் வகைப்பாட்டில், மீன், டாஃப்னியா போன்றவை, பாசி ஆகிய மூன்றின் குறுகிய கால ரிசல்ட்டையும் பார்ப்பார்கள். 1 மில்லிகிராமும் அதற்குக் கீழும் என்றால் முதல் வகை, நீர் உயிர்களுக்கு மிகக் கடும் விஷம். 1-ஐத் தாண்டி 10 வரை இரண்டாம் வகை. 10-ஐத் தாண்டி 100 வரை மூன்றாம் வகை. இறக்குமதியான சில பாட்டில்களில் காய்ந்த மரமும் செத்த மீனும் போட்ட படம் பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரி சோதனைகளின் முடிவைத்தான் அந்தப் படம் சொல்கிறது.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரிய இரண்டு பொருள்களை ஒப்பிடலாம். நம்ம சமையல் உப்பு டாஃப்னியாவை முடக்க லிட்டருக்குச் சில கிராம் தேவை. கரப்பான் ஸ்ப்ரே பலவற்றில் இருக்கும் சைபர்மெத்ரினுக்கு லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே போதும். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

தண்ணி லாரிக் கணக்கில் சொல்லவா? ஒரே ஒரு கிராம் சைபர்மெத்ரினை 12,000 லிட்டர் லாரிகள் 42-ல் சமமாகக் கலந்தாலும் லிட்டருக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் இருக்கும். நிஜக் குளத்தில் இதில் பெரும்பகுதி சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனால், ‘கொஞ்சூண்டுதானே’ என்ற நம் வசனம் ஏன் செல்லாது என்று இது காட்டும்.

டாஃப்னியா பாஸ் போட்டா போதுமா?

இங்கேதான் கதையில் ட்விஸ்ட். இமிடாகுளோபிரிட் என்ற மருந்து 1990-களில் சந்தைக்கு வந்தது. நியோனிகோட்டினாய்டு என்ற வகையைச் சேர்ந்தது. வயலில் தெளிக்க, வீட்டில் கரையானுக்கு, நாய்க்கு வரும் தெள்ளுப்பூச்சிக்கு எனப் பல வேலைக்கும் பயன்படுகிறது.

டாஃப்னியா மேக்னாவிடம் கேட்டால், 48 மணி நேர இசி50 லிட்டருக்குச் சுமார் 85 மில்லிகிராம். மூன்றாம் வகை. பூச்சிமருந்துக்கு இது ரொம்பவே சாதுவான மார்க்.

ஆனால் குளத்தில் டாஃப்னியா மட்டுமா வாழ்கிறது? மேஃப்ளை என்று ஒரு பூச்சி, குஞ்சுப் பருவம் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கும். அந்தக் குஞ்சுகளில் சில வகைகள், அதே மருந்தில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராமிலேயே முடங்குவது ஆய்வுகளில் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே பல்லாயிரம் மடங்கு வித்தியாசம்.

காரணம் எளிது. இந்த மருந்து பூச்சிகளின் நரம்பில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கு என்றே செய்யப்பட்ட சாவி. டாஃப்னியா பூச்சி அல்ல, இறால் குடும்பம். அதன் பூட்டில் இந்தச் சாவி சரியாகப் பொருந்தவில்லை. அதை மட்டும் கேட்டுவிட்டு ‘தண்ணீருக்கு ஆபத்து கம்மி’ என்று சொன்னால், அதே தண்ணீரில் வாழும் பூச்சிக் குஞ்சுகளின் நிலை என்ன?

ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில் ஷின்ஜி என்றொரு ஏரி இருக்கிறது. சுற்றிலும் நெல்வயல்கள். அங்கே 1993-ல் நியோனிகோட்டினாய்டு பயன்பாடு தொடங்கியது. மசுமி யமமுரோ தலைமையிலான குழு, நீண்டகாலப் பதிவுகளை அலசி 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, வசந்த காலத்தில் ஏரியில் இருக்கும் மிதவை நுண்ணுயிர்களின் சராசரி எடை 83 சதவிகிதம் சரிந்தது. அவற்றைத் தின்று வாழும் வகசாகி என்ற குட்டி மீனின் பிடிப்பு, வருஷத்துக்குச் சராசரியாக 240 டன்னிலிருந்து 22 டன்னாக விழுந்தது.

மீன் நேரடியாக விஷத்தால் சாகவில்லை, அதன் சாப்பாடு காணாமல் போனது என்பதுதான் அந்தக் குழுவின் வாதம். இது பழைய பதிவுகளை வைத்துக் கண்ட தொடர்பு. ஏரியையே லேபாக்கி நிரூபித்த முடிவு இல்லை. ஆனாலும் வலையை வீசிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் மீனவருக்கு, 48 மணி நேரத்தில் டாஃப்னியா வாங்கிய நல்ல மார்க் எந்த ஆறுதலும் தராது.

விதிகளும் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. 2011-ல் ஓஇசிடி, கைரோனோமஸ் என்ற பூச்சியின் குஞ்சுகளுக்கு என்றே 48 மணி நேர சோதனை ஒன்றைக் கொண்டுவந்தது (எண் 235). அக்வேரியம் கடையில் ‘பிளட் வார்ம்’ என்று விற்பார்களே, அந்தச் சிவப்புப் புழுதான் இது. ஐரோப்பாவில் பூச்சிக்கொல்லிக்கு அனுமதி கேட்டால், இப்போது டாஃப்னியாவோடு இரண்டாவதாக ஓர் உயிரிடமும் சோதிக்க வேண்டும்.

48 மணி நேரம் சொல்லாத விஷயங்கள்

இன்னும் சில கேள்விகளுக்கும் இந்த எக்ஸாமில் பதில் கிடைக்காது. இன்று நீந்தும் குட்டி, வளர்ந்து பிள்ளை பெறுமா? அதற்கு 21 நாள் நடக்கும் தனி சோதனை இருக்கிறது, எண் 211. அங்கே எத்தனை குட்டி பிறக்கிறது என்று எண்ணுவார்கள். குறுகிய கால சோதனையில் தப்பித்த கெமிக்கல்கள் அங்கே மாட்டுவது உண்டு.

அடுத்து, கலவை. லேபில் ஒரு குப்பிக்கு ஒரு கெமிக்கல். நம் ஊர் சாக்கடையில் சோப்பு, ஃபினாயில், சாயம், மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகின்றன.

கலவையாக வரும் கழிவுநீருக்கு நம் நாட்டில் வேறு முறை. 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், நீர்நிலையில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு ஒரு பொது நிபந்தனை உண்டு. அந்த நீரை வேறு தண்ணீர் கலக்காமல் அப்படியே எடுத்து அதில் மீன்களை விட்டால், 96 மணி நேரம் கழித்து 90 சதவிகித மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால், மீன் பிழைத்தால் மீனின் சாப்பாடும் பிழைத்தது என்று அர்த்தமில்லை. ஷின்ஜி ஏரி சொன்னதும் அதைத்தானே!

‘நான் விவசாயி இல்லையே, எனக்கு என்ன?’ என்கிறீர்களா? இங்கிலாந்து ஆறுகளில் எடுத்த மாதிரிகளை வைத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், ஃபிப்ரோனில் கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும், இமிடாகுளோபிரிட் மூன்றில் இரண்டு பங்கு மாதிரிகளிலும் இருந்தது. ஆய்வாளர்கள் கைகாட்டிய முக்கியக் காரணம் வயல் அல்ல. நாய், பூனைக்கு முதுகில் விடும் தெள்ளுப்பூச்சி மருந்து! குளிப்பாட்டும்போதும் படுக்கைத் துணியைத் துவைக்கும்போதும் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிறது.

போனை எடுங்க, இதைச் செய்யுங்க

1. டப்பாவில் ‘ஆக்டிவ் இன்கிரீடியன்ட்’ என்று இருக்கும் பெயரைப் பாருங்க. அந்தப் பெயரோடு ‘சேஃப்டி டேட்டா ஷீட்’ என்று சேர்த்துத் தேடுங்க. கிடைக்கும் ஆவணத்தில் நேராக 12-ம் பகுதிக்குப் போங்க. சூழல் தகவல் அங்கேதான் இருக்கும்.

2. அதில் டாஃப்னியா, 48 மணி நேரம், இசி50 என்ற வரியைப் பிடியுங்க. மில்லிகிராமா, மைக்ரோகிராமா என்று கட்டாயம் கவனியுங்க. 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால், அந்தப் பொருள் ஒரு சொட்டுகூட சாக்கடைக்குப் போகக் கூடாத ரகம்.

3. டாஃப்னியாவுக்கு எண் பெரியதாக இருந்தாலும், அது பூச்சிமருந்து என்றால் நிம்மதி அடைய வேண்டாம். வேறு நீர்ப்பூச்சிகளுக்கும் 21 நாள் சோதனைக்கும் எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்க.

4. மிச்சமான மருந்தை சிங்க்கிலோ டாய்லெட்டிலோ ஊற்றாதீங்க. காலி டப்பாவைக் கழுவி அந்தத் தண்ணீரை வெளியே விடாதீங்க. பூச்சிமருந்து டப்பாக்களை 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளே ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று பட்டியல் போட்டன. தனியாகக் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் என்ன பொருள் என்று சொல்லிக் கொடுங்க.

5. வீட்டில் மீன் தொட்டி இருந்தால் ஸ்ப்ரே அடிக்கும் முன் மூடி வையுங்க, காற்று பம்ப்பை நிறுத்துங்க. அது அறையில் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது. மருந்து வாடை போனதும் மறக்காமல் பம்ப்பைப் போட்டுவிடுங்க.

6. நாய்க்குட்டிக்கு முதுகில் விடும் மருந்து போட்டிருந்தால், கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை குளிப்பாட்டாதீங்க. ஏரி, குளத்தில் நீந்தவும் விடாதீங்க.

அடுத்த தடவை கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்க்கும்போது பச்சை நிறம் கண்ணில் பட்டால், அது உங்களுக்கான தகவல் என்று எடுத்துக்கொள்ளுங்க. ஏரிக்கான தகவல் 12-ம் பகுதியில் இருக்கிறது. தேடிப் படிக்க இரண்டு நிமிஷம் போதும்!